அற்புதராணி அக்காவும் கீழ்த்தளமும்

குருநகர் மீன்சந்தையில் அற்புதராணி அக்கா இருந்து விற்கிற இடத்தில் நிலம் எந்நேரமும் ஈரமாகத்தான் இருக்கும். மீன் கழுவிய தண்ணீர், இறால் கடகத்தில் இருந்து வடிகிற தண்ணீர், கணவாய் மை எல்லாம் அங்கே கலந்து ஓடும். அந்த இடத்தில் ஒருத்தியின் சீலை நனைந்திருந்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு வசதியால்தான் அக்கா தன்னுடைய உடல் வருத்தத்தை நெடுங்காலம் ஒளித்து வைத்திருந்தார்.

வருத்தம் இதுதான். இருமினால், தும்மினால், மீன்பெட்டியைத் தூக்கினால், யாராவது பகிடி சொல்லி வாய்விட்டுச் சிரித்தால், அக்காவைக் கேட்காமலே கொஞ்சம் சிறுநீர் போய்விடும். ஐந்து பிள்ளை பெற்றவர். கடைசிப் பிள்ளை யசிந்தா பிறக்கும்போதே தலை பெரிது, அவள்தான் இதற்குக் காரணம் என்பது அக்காவின் முடிவு. தாயும் மகளும் சண்டை பிடிக்கும்போது, "உன்ரை தலையாலை நான் படுற பாடு!" என்று அக்கா கத்துவார். தாய் தன்னுடைய தலைவிதியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று யசிந்தா நினைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தையில் கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பிரச்சினை. அக்கா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசைக் குரல். பாட்டை உச்சத்துக்கு இழுக்கும் இடத்தில் குரல் மேலே போகும், மற்றது கீழே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் பயம் வந்து, காற்றுப் பிடிக்க வேணும் என்று சொல்லிக் கடைசி மரவாங்கில், வாசலோரம் போய் இருந்துகொண்டார். பாடகர் குழுவை நடத்திய மரியரட்ணம் மாஸ்டர், தனிப்பாட்டை வேறொருத்திக்குக் கொடுத்ததால்தான் அக்கா கோவித்துக்கொண்டு விலகிவிட்டார் என்று நினைத்தார். வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாமல், அக்கா அந்த மன்னிப்பைப் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு யசிந்தாவுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை பிலிப்பு, பாசையூர்ப் பொடியன். பெண்ணின் தாய் முதல் வாங்கில், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். பிரான்சில் இருந்த மூத்த மகள் யாரோ ஒருவர் கையில் தாய்க்கென்று ஒரு பட்டுச்சீலை அனுப்பியிருந்தாள். வெளிர் நீலம். ஒரு துளி தண்ணீர் பட்டாலே வரைபடம் மாதிரித் தெரிகிற நிறம்.

"பிள்ளை, நான் அந்த மண்ணிறச் சீலையைக் கட்டட்டே?" என்று அக்கா மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, என்ரை கலியாணத்துக்குச் செத்தவீட்டுச் சீலையோ?" என்றாள் யசிந்தா.

வேறு வழியில்லாமல் அக்கா டொக்டரிடம் போனார். போன இடத்தில் இருந்தவரோ மீசை சரியாக முளைக்காத பொடியன்.

"என்னம்மா வருத்தம்?"

"இருமல், தம்பி."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இருமினால்தானே வருத்தம். டொக்டர் குழாயை வைத்து முன்னும் பின்னும் பார்த்தார், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார், ஒரு போத்தல் இருமல் மருந்து கொடுத்தார். அக்கா அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அடுத்த முறை போய்த் தும்மல் என்றார். அதற்கு விழுங்கக் குளிசை கிடைத்தது. மூன்றாம் முறை, சீட்டு எழுதிக் கொடுக்கிற தாதி மரியநாயகி மிசி அக்காவைக் கையில் பிடித்து ஒரு மூலைக்குக் கொண்டுபோனார்.

"அக்கா, இருமல் எண்டு வாறியள். வந்து இவ்வளவு நேரமும் ஒருக்கால் இருமேல்லை. உண்மையைச் சொல்லுங்கோ. இருமினால் என்ன நடக்குது?"

அக்கா நிலத்தைப் பார்த்தார். பிறகு தன்னுடைய சீலையைப் பார்த்தார். பிறகு மிசியைப் பார்த்தார்.

"ஓ, அதுவோ?" என்றார் மிசி. "அதுக்கு இந்தத் தம்பி சரிவராது. புதன்கிழமை ஞானாம்பிகை மிஸ்ஸிட்டைப் போங்கோ. உங்களை மாதிரி இன்னும் ஆக்கள் வருகினம்."

தன்னை மாதிரி இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற செய்தியே அக்காவுக்குப் பாதி மருந்து. இந்த உலகத்தில் இது தனக்கும் யசிந்தாவின் தலைக்கும் இடையில் மட்டும் உள்ள விவகாரம் என்றல்லவா நினைத்திருந்தார்.

ஞானாம்பிகை மிஸ் கரவெட்டிக்காரி. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து வருத்தம் மாற்றுவது அவருடைய வேலை. வகுப்பு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பின்விறாந்தையில், ஒரு துணிமறைப்புக்குப் பின்னால் நடந்தது. அக்காவோடு நாலு பெண்கள் வாங்கில் வரிசையாக இருந்தார்கள். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் இதையெல்லாம் படித்தது ஆங்கிலத்தில். தமிழில் சொல்லத் தொடங்கும்போது அவருக்கே முகம் சிவந்தது.

"இடுப்புக்குள்ளை, அடியிலை, கீழ்த்தளம் எண்டு ஒண்டு இருக்கு. அது தசையாலை ஆனது. பிள்ளைப் பேறுகளாலை அது தளர்ந்துபோகும். நாங்கள் அந்தக் கீழ்த்தளத்தை இறுக்கிப் பிடிக்கப் பழகோணும்."

சண்டிலிப்பாயில் இருந்து வந்திருந்த சின்னத்தங்கம் என்பவர் காலுக்குக் கீழே இருந்த சீமெந்து நிலத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"பிள்ளை, தளம் எண்டால் பலாலியிலை கிடக்கிற ஆமித்தளம்தான் எனக்குத் தெரியும். அதைப் பிடிக்கத்தான் இவ்வளவு பேர் பாடுபடுகினம். நான் ஒரு புகையிலைத் தோட்டக்காரி, என்னட்டை ஏன் சொல்லுறீர்?"

துணிமறைப்புக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். இப்பால் சிரிக்க எல்லோருக்கும் பயம். சிரித்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் அல்லவா? அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு காலை ஒன்றின்மேல் ஒன்று போட்டார். திரும்பிப் பார்த்தால் மற்ற மூவரும் அப்படியே போட்டிருந்தார்கள். அந்தக் கணத்தில் நால்வரும் சொந்தக்காரர் ஆனார்கள்.

மிஸ் மறுபடி முயன்றார். "சரி, உள்ளுக்கை இறுக்குங்கோ பாப்பம்."

ஒருவர் பல்லை நெருமினார். ஒருவர் இரண்டு கையையும் பொத்திப் பிடித்தார். சின்னத்தங்கம் பின்பக்கத்தை இறுக்கியதில் வாங்கைவிட்டு ஒரு சாண் உயர்ந்து மறுபடி இறங்கினார். அக்கா மூச்சை அடக்கிப் பிடித்துக் கண் பிதுங்க இருந்தார்.

"ஐயோ, மூச்சை விடுங்கோ அக்கா!" என்று மிஸ் ஓடிவந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். படித்த சொல் எல்லாவற்றையும் ஒருபக்கம் வைத்துவிட்டார். "இப்ப இஞ்சை பாருங்கோ. சபையிலை இருக்கிறியள். சம்பந்தி முன்னுக்கு நிக்கிறா. வயித்துக்குள்ளை காத்து வருகுது. விடேலாது. என்ன செய்வியள்?"

நால்வர் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

"உதையோ சொல்லுறியள்?" என்றார் அக்கா. "உதை நான் சின்னனிலை இருந்து பூசை நேரம் செய்யிறனே!"

"அதேதான். அந்த இறுக்கத்தை முன்னுக்கும் கொண்டுவாங்கோ. கொஞ்ச நேரம் பிடிச்சிருந்து, பிறகு விடோணும். விடுறதும் முக்கியம். ஒரு நாளைக்குப் பல தரம் செய்யோணும். ஆருக்கும் தெரியாது, எங்கை இருந்தும் செய்யலாம்."

எவ்வளவு நேரம் பிடிப்பது என்று கேட்டபோது அக்கா தானே ஒரு அளவு கண்டுபிடித்தார். மனதுக்குள், மாதாவுக்குச் சொல்கிற அருள் நிறைந்த மந்திரத்தில் பாதி. சின்னத்தங்கம் தனக்கு அது தெரியாது, பஞ்சாட்சரத்தை ஆறுதலாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். மிஸ் இரண்டுக்கும் சம்மதம் கொடுத்தார்.

ஆருக்கும் தெரியாது என்று மிஸ் சொன்னதுதான் பிழைத்துப்போனது. அக்காவின் முகம் அப்படி ஒரு முகம். உள்ளே எங்கே எதை இறுக்கினாலும் புருவமும் சேர்ந்து இறுகும், பார்வை தூரத்தில் ஒரு புள்ளியில் போய்க் குத்தி நிற்கும், வாய் பூட்டிக்கொள்ளும்.

சந்தையில் ஆட்கள் விலை கேட்கும்போதெல்லாம் ஒருமுறை இறுக்குவது என்று அக்கா திட்டம் வைத்தார். மறக்காமல் இருக்க அது நல்ல வழி. ஒரு வாத்தியார் வந்து விளைமீனைப் புரட்டிப் பார்த்து விலையைக் குறைத்துக் கேட்டார். அக்கா இறுக்கினார். பதில் இல்லை. கண் வாத்தியாரின் தலைக்கு மேலால் கடலைப் பார்த்தது. வாத்தியார் ஒருமாதிரியாகிக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். அக்கா இன்னும் மந்திரம் முடிக்கவில்லை. வாத்தியார் மேலும் கூட்டினார். அக்கா தளர்த்தி, மூச்சு விட்டு, "ஓம், கொண்டுபோங்கோ" என்றார். வாத்தியார் மன்னிப்புக் கேட்காத குறையாக மீனை வாங்கிக்கொண்டு போனார்.

பக்கத்தில் இருந்து விற்கிற லூர்த்தம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடியே அற்புதம், என்னடி, கதைபேச்சு இல்லாமல் ஒரு பார்வை பாக்கிறாய்? சனம் பயந்து காசைக் குடுத்திட்டுப் போகுது. நேர்த்திக்கடனோ?"

"ஓமடி, மடுமாதாவுக்கு," என்றார் அக்கா. இருமலைப்போல இதுவும் முழுப் பொய் இல்லை. மாதாவின் மந்திரம்தானே உள்ளே ஓடியது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். புருஷன் கிறகோரி அண்ணை நல்ல மனிதர், ஆனால் மனச்சாட்சி கொஞ்சம் மெலிந்தது. கடற்படை மறித்ததால் ஆழக்கடலுக்குப் போக முடியாத காலம். கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் வலை போட்டு வந்து மத்தியானம் சோற்றுக்கு இருப்பார். முன்னால் அக்கா அகப்பையோடு இருந்து, புருவம் நெரிய, வாய் பூட்ட, தன்னைத் துளைத்துப் பார்ப்பதைக் கண்டார். ஒரு கவளம் இறங்கவில்லை.

"சரியப்பா, ஓம். நேற்றுக் கள்ளுத் தவறணைக்குப் போனதுதான்," என்றார்.

அக்கா பாதி மந்திரத்தில் நின்றார்.

"ஒரு போத்தல்தான்... சரி, ரெண்டு."

அக்கா தளர்த்தினார். சரி, அடுத்த முறை என்று மறுபடி இறுக்கினார். கிறகோரி அண்ணை சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உனக்கு ஆர் சொன்னது? ஓம், பாசையூரிலை எல்லாருக்கும் கலியாணத்துக்குச் சொல்லிப்போட்டன். மீன்வாடியிலை நிண்ட எல்லாருக்கும் சொன்னன். வாய் தவறி வந்திட்டுது. நீ இப்பிடிப் பாக்காதை!"

அன்றைக்குத்தான் அக்காவுக்குக் கலியாணத்துக்கு எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பது தெரிந்தது. கோபத்தில் உண்மையாகவே கத்தினார். கத்தியதில் நனைந்தது.

அங்கேதான் சிக்கல். கிழமைக்கணக்காகச் செய்தும் ஒரு முன்னேற்றமும் இல்லை. கோயிலில் யசிந்தாவுக்கும் பிலிப்புக்கும் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்த ஞாயிறு, ஊரே திரும்பிப் பார்க்கிற நேரத்தில் அக்காவுக்குத் தும்மல் வந்தது. பூசை முடிந்து கடைசி ஆள் போகுமட்டும் வாங்கைவிட்டு எழும்பாமல் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் பக்தியைப் பார்த்துப் பங்குச் சுவாமி மனம் நெகிழ்ந்து கிட்ட வந்து ஆசீர்வாதம் கொடுத்தார். சவர்க்காரம் கிடைக்காத காலம், வீட்டுக்குப் போய்ச் சீலையைப் பனங்காய்க் களி போட்டு உரஞ்சும்போது அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு கிழமையும் ஒரு பைத்தியக்காரியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு இருந்ததுதான் மிச்சம்.

புதன்கிழமை சண்டைக்குத் தயாராகப் போனார்.

"மிஸ், உங்கடை பயிற்சி சரியில்லை. முந்தித் துளிதான் போனது, இப்ப கூடப் போகுது."

மிஸ் கோவிக்கவில்லை. துணிமறைப்பை இழுத்துவிட்டு, அக்காவைப் படுக்கச் சொல்லி, வயிற்றில் கை வைத்தார். "இப்ப செய்யுங்கோ." அக்கா செய்தார். வயிறு புடைத்து மிஸ்ஸின் கையைத் தள்ளியது.

"அக்கா, நீங்கள் கீழை தள்ளுறியள்."

"ஓம், முழுப் பலத்தோடை."

"தள்ளப்படாது. மேலை இழுக்கோணும். நீங்கள் இவ்வளவு நாளும் செய்தது பிள்ளை பெறுற வேலை."

துணிமறைப்புக்கு அப்பால் இருந்த சின்னத்தங்கத்தின் குரல் கேட்டது. "ஆறாவதோ? இந்த வயசிலை கஷ்டம் தங்கச்சி!"

அக்கா சிரித்துவிட்டார். மிஸ் சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அந்த விறாந்தையில் அன்றைக்கு எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள், வந்தது வரட்டும் என்று. யாரும் யாரிடமும் ஒளிக்கவேண்டிய தேவையில்லாத இடம் அது ஒன்றுதான்.

தள்ளுவதை விட்டு இழுப்பது அக்காவுக்கு எளிதில் வரவில்லை. ஐந்து முறை ஒரே திசையில் வேலைசெய்து பழகிய உடம்பு. சின்னத்தங்கம்தான் பக்கத்தில் இருந்து பொறுமையாகச் சொன்னார். "மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மிசின் நிண்டுபோய், திரும்பவும் கிணத்துத் துலாவிலைதான் புகையிலைக்குத் தண்ணி இறைக்கிறம். வாளி தண்ணிக்குள்ளை போனாப் பிறகு மெல்ல மேலை வரும் பாருங்கோ, அப்பிடி நினைச்சுக்கொண்டு செய்யிறன். வயிறு ஆடப்படாது. கதைக்கக்கூடிய மாதிரி இருக்கோணும். நான் இப்பவும் செய்துகொண்டுதான் கதைக்கிறன்."

அக்கா அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை. அந்த மனுசியில் அவருக்கு அப்போதுதான் மரியாதை வந்தது.

மிஸ் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். தும்மல் வருவதற்கு முன்பு மூக்கில் ஒரு அறிவிப்பு வரும், அந்த நேரத்தில் முதலில் இறுக்கிக்கொள்ள வேண்டும், பிறகுதான் தும்ம வேண்டும். பெட்டி தூக்கும்போதும் அப்படியே. கேட்பதற்கு எளிது. ஆனால் குண்டுபோடும் பிளேன் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் பாய்கிற நேரத்தில் யாருக்கு முதலில் இறுக்கிவிட்டுப் பாய நினைவு வரும்? அக்கா அதையும் பழகினார். பிளேன் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓட, இவர் மட்டும் ஒரு கணம் தரித்து நின்றுவிட்டுப் பிறகு ஓடுவதை யசிந்தா கண்டு, "அம்மா, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று அலறினாள்.

கலியாண நாள் வந்தது. கிறகோரி அண்ணையின் வாய் தவறியதால் வந்த கூட்டம் கோயில் வாசலுக்கு வெளியிலும் நின்றது. அக்கா வெளிர் நீலப் பட்டில் முதல் வாங்கில் இருந்தார். பழஞ்சீலைத் துண்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார், அதை நான் இங்கே ஒளிக்கத் தேவையில்லை. இரண்டு வாங்கு பின்னால், திருநீற்றுக் குறியோடு சின்னத்தங்கம். சைக்கிளில் புருஷனோடு ஒரு பூசணிக்காயையும் கொண்டு வந்திருந்தார்.

சாம்பிராணிப் புகையைத் தாராளமாக வீசியது யார் என்று தெரியவில்லை. சுவாமி பிலிப்பைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்க வாயெடுத்த நேரம், அக்காவின் மூக்கில் அறிவிப்பு வந்தது. அக்கா கண்ணை மூடினார். வாளி கிணற்றுக்குள் இருந்து மேலே வந்தது. பிறகு தும்மினார்.

அக்காவின் தும்மல் பழைய பாடகர் குழுவின் தும்மல். கோயில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. சுவாமி நிறுத்தினார். பிலிப்பு திரும்பிப் பார்த்தான். சம்மதம் கேட்கிற நேரத்துத் தும்மல் நல்ல குறியில்லை என்று மாப்பிள்ளையின் தாய் முகம் சுழித்தார். அக்கா மெல்ல ஒருமுறை அசைந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. திரும்பிப் பின்னால் பார்த்தார். சின்னத்தங்கம் புருவத்தை உயர்த்தி என்ன என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினார். சின்னத்தங்கம் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டார். அக்காவின் முகம் முழுக்கச் சிரிப்பு.

மகளைக் கட்டிக்கொடுக்கிற தாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்ததைப் பாசையூர்க்காரர் நெடுநாள் கதைத்தார்கள். யசிந்தா அப்படிப்பட்ட தொல்லை பிடித்த பிள்ளையோ என்று மாப்பிள்ளையின் தாய் பயந்தாராம். அக்கா அதைக் கேட்டபோது மறுக்கவில்லை. "தலை கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்," என்றாராம்.

வருத்தம் முற்றாக மாறியது என்று சொன்னால் அது பொய். கடும் இருமல் வந்தால் கொஞ்சம் போகும். அலுப்பில் பயிற்சியை விட்ட மாதங்களில் திரும்பவும் கூடியது, மறுபடி தொடங்கக் குறைந்தது. ஆனால் அக்கா அதை ஒளிப்பதை விட்டுவிட்டார். லூர்த்தம்மாவுக்கு நேர்த்திக்கடனின் உண்மையைச் சொன்னார். லூர்த்தம்மா மீன்செதிலைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "புதன்கிழமையோ?" என்று மட்டும் கேட்டார். இந்தக் கதையை எனக்கும் அக்கா தன் வாயால்தான் சொன்னார், மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்க, விளைமீன் வெட்டியபடி.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், சண்டை நெருங்க, ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. அக்காவும் கிறகோரி அண்ணையும் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறையை வேறு குடும்பங்களோடு பங்கிட்டு இருந்தார்கள். சனம் அவ்வளவு, மலசலகூடம் ஒன்றே ஒன்று. மழைக்குள் வரிசை மாமரம் வரைக்கும் நிற்கும். அந்த வரிசையில் கிறகோரி அண்ணை அடிக்கடி நிற்பதை அக்கா கவனித்தார். போய்விட்டு வந்த கையோடு திரும்பவும் போய் நிற்பார். சாறத்தின் முன்பக்கத்தை உதறிக்கொள்வார்.

ஒரு காலை, சுற்றவர ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து அவர் அக்காவின் அருகில் வந்து குந்தினார். மழையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"இஞ்சாரப்பா, உந்தப் பயிற்சி... அது பொம்பிளையளுக்கு மட்டுமோ?"

அக்கா சிரிக்கவில்லை. "இல்லையப்பா, ஆம்பிளையளுக்கும் கீழ்த்தளம் இருக்காம். மிஸ் சொன்னவ."

"நான் சும்மா கேட்டன்."

"ஓம், ஓம், விளங்குது. வாங்கோ, இதிலை இருங்கோ," என்று அக்கா பாயை விரித்தார்.

கிறகோரி அண்ணை ஒழுங்காகச் செய்தாரா என்று அக்காவுக்கே தெரியாது. கேட்டால், தான் செய்துகொண்டுதான் இருக்கிறேன், இந்த நிமிடமும் செய்கிறேன் என்பார். அவருடைய முகத்தில் அக்காவால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.